உரித்து வைத்தாற்போல் ஒருவன்

டெக்சாஸில் சான்ஸ் என்று ஒரு காளை இருந்தது. பிராமன் இனம். நம் நாட்டிலிருந்து போன திமில் மாடுகளை வைத்து அமெரிக்கர்கள் உருவாக்கிக்கொண்ட இனம் அது. உருவம் பெரிது, குணத்தில் பரம சாது. முதுகில் குழந்தைகளை ஏற்றி உட்கார வைத்துப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் அதை வளர்த்த தம்பதிக்குப் பிழைப்பு. டிவி நிகழ்ச்சிகளில்கூட வந்து நின்றிருக்கிறது. வயதாகி அது இறந்தபோது வீட்டுக்காரரால் தாங்க முடியவில்லை. உயிரோடு இருக்கும்போதே எடுத்திருந்த தோல் துணுக்கு ஒன்று கைவசம் இருந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிலிருந்து 1999-ல் குளோனிங் முறையில், அதாவது நகலெடுத்து, ஒரு கன்றை உருவாக்கிக் கொடுத்தார்கள். கன்றுக்கு வைத்த பெயர் செகண்ட் சான்ஸ்.

கன்று வளர வளர மனிதருக்கு மெய்சிலிர்த்துப் போனது. தீவனம் தின்கிற விதம் அதேதான். பழைய சான்ஸ் வழக்கமாகப் படுக்கிற இடத்தில்தான் இதுவும் போய்ப் படுத்தது. யாரும் பழக்கவில்லை. தன் மாடு திரும்பி வந்துவிட்டது என்றே அவர் நம்பினார். நாலு வயது வாக்கில் ஒருநாள் அது அவரை முட்டித் தள்ளியதில் தோள்பட்டை நழுவியது. பிறகு இன்னொரு முறை, இன்னும் மோசமாகக் குத்தி, ஆஸ்பத்திரியில் கிடக்கும்படி ஆயிற்று. அப்போதும் அவர் மாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. வயது கூடினால் சாந்தமாகிவிடும், பழைய சான்ஸ் மாதிரி ஆகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரியம் வைத்த ஒன்றைப் பறிகொடுத்தவருக்குச் சாயலே பெரிய ஆறுதல். நான் இங்கே பேச நினைப்பது வேறொரு கூட்டத்தைப் பற்றி. அவர்கள் திரும்பக் கொண்டுவர நினைப்பது செத்துப்போன மாட்டையோ நாயையோ அல்ல, தங்களையே. நான் போனாலும் என் நகல் இருக்கும், நகல் போனால் அதன் நகல் இருக்கும், ஆக எனக்குச் சாவே கிடையாது என்பது அவர்கள் கணக்கு. மாட்டுக்காரரிடம் இருப்பது துக்கம். இவர்களிடம் இருப்பது தப்புக் கணக்கு. அந்தத் தப்புக் கணக்கின் பேரில் இன்னொரு மனுஷனைப் பிறக்க வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். ஒரு பெண் விலங்கின் முட்டையை எடுத்து, மரபணுக்கள் அடங்கிய அதன் உட்கருவை நீக்கிவிடுகிறார்கள். நகல் எடுக்க வேண்டிய விலங்கின் உடற்செல் ஒன்றை அந்த வெற்று முட்டையோடு இணைத்து, மெல்லிய மின்சாரத் துடிப்பு கொடுத்து, முட்டையைக் கருவாக வளரும்படி தூண்டுகிறார்கள். பிறகு ஒரு வாடகைத் தாயின் கருப்பையில் வைக்கிறார்கள். தவளைகளில் இதை ஜான் கர்டன் 1962-லேயே செய்து காட்டினார். ஐம்பது வருடம் கழித்து நோபல் வந்தது. பாலூட்டிகளில், அதுவும் முழுதாக வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து முடியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் 1996 ஜூலை 5 அன்று டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்தது. இயன் வில்மட், கீத் கேம்ப்பெல் குழுவின் வேலை. உலகத்துக்குச் செய்தி தெரிந்தது 1997 பிப்ரவரியில்தான்.

டாலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டாலிக்குச் செல் கொடுத்த ஆடு, டாலி பிறப்பதற்கு முன்பே செத்துவிட்டது. ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து எடுத்த செல்கள் உறைய வைக்கப்பட்டுப் பெட்டியில் இருந்தன. ஆக, இறந்த ஒன்றை நகல் மூலம் திரும்பக் கொண்டுவரும் பரிசோதனை அன்றே நடந்து முடிந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பழைய ஆடு உயிர்த்தெழுந்தது என்று யாராவது எழுதினார்களா? ஒருவரும் இல்லை. டாலி, டாலியாகவே வாழ்ந்தது. ஆறு குட்டிகள் போட்டது. வைரஸால் வரும் நுரையீரல் கட்டி முற்றியதால் 2003 பிப்ரவரி 14 அன்று ஊசி போட்டு அதன் வேதனையை முடித்தார்கள். இப்போது எடின்பரோ அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மடி கொடுத்த ஆட்டைத் தேடிப் போய் யாரும் ஒரு பூ வைக்கவில்லை. ஆடு விஷயத்தில் நமக்கு இவ்வளவு தெளிவு இருக்கிறது. நம் விஷயம் என்று வந்தால் மட்டும் புத்தி மழுங்குகிறது.

உருவமாவது அச்சு அசலாக இருக்குமா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. 2001 டிசம்பரில், அதே டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில், உலகின் முதல் நகல் பூனை பிறந்தது. பெயர் சிசி. அதன் மூலப் பூனையான ரெயின்போ மூன்று நிறம் கொண்டது: வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு. சிசியிடம் அந்தச் செம்பழுப்பு மருந்துக்குக்கூட இல்லை. காரணம் சுவாரஸ்யமானது. பூனையின் செம்பழுப்பு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் இருந்தாலும் ஒன்று மட்டுமே வேலை செய்யும். மற்றது சின்ன வயதிலேயே, கருவாக இருக்கும்போதே, அணைந்துவிடும். எது அணையும் என்பது செல்லுக்குச் செல் தற்செயல். அதனால்தான் மூன்று நிறப் பூனைக்குத் திட்டுத் திட்டாக நிறம். ரெயின்போவிடமிருந்து எடுத்த அந்த ஒரு செல்லில் செம்பழுப்புப் பக்கம் அணைந்திருந்தது. நகலில் அது திரும்ப எரியவே இல்லை. மரபணுப் புத்தகம் முழுக்க அப்படியே இருந்தும் பூனையின் தோல் வேறு. சிசி பதினெட்டு வயது வரை சௌக்கியமாக இருந்து 2020-ல் இறந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. ரெயின்போவைத் திரும்பப் பார்க்க நினைத்தவர்களுக்குத்தான் குறை.

மரபணுகூட நூற்றுக்கு நூறு ஒன்றல்ல என்பது இன்னொரு சங்கதி. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் தனியாக 37 மரபணுக்கள் உண்டு. அவை முட்டை கொடுத்தவளிடமிருந்து வருகின்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு அது ஒன்றாக இருக்கும். ஒரே கருப்பையில், ஒரே நாளில், ஒரே வீட்டில் வளர்வார்கள். நகல் பிள்ளைக்கு முட்டை வேறு, வயிறு வேறு, காலம் வேறு. தெருவில் நாம் பார்க்கிற இரட்டையர்களைவிட அவன் தன் மூலவரிடமிருந்து தூரத்தில் நிற்பவன். அந்த இரட்டையர்களில் ஒருவர் இறந்துவிட்டால், மற்றவர் இருக்கிறாரே என்று யாரும் துக்கம் விசாரிக்காமல் இருப்பதில்லை.

சரி, உடம்பை விடுவோம். உடம்பு அணு பிசகாமல் ஒன்றாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால்?

இந்தக் கேள்வியைத் தமிழில் ரொம்ப நாள் முன்பே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். திருமூலர் கதை பெரியபுராணத்தில் வருகிறது. கயிலையிலிருந்து அகத்தியரைப் பார்க்கத் தெற்கே வந்த சிவயோகி ஒருவர், காவிரிக் கரையில் சாத்தனூர் பக்கம் வருகிறார். மூலன் என்ற இடையன் மாடு மேய்க்கப் போன இடத்தில் இறந்து கிடக்கிறான். மாடுகள் அவன் உடம்பைச் சுற்றிச் சுற்றி வந்து, மோந்து பார்த்துக் கதறுகின்றன. யோகிக்கு மனம் பொறுக்கவில்லை. தன் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் புகுந்து எழுந்திருக்கிறார். மாடுகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அவை ஊர் திரும்ப, இவரும் பின்னாலேயே போய் நிற்கிறார். மூலன் மனைவி ஓடிவந்து தொடப் போகிறாள். உனக்கும் எனக்கும் உறவு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் மடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறார். மறுநாள் அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, இவர் யோகத்தில் இருப்பவர், உன் புருஷனாக நடந்துகொள்ள மாட்டார் என்று அவளைத் தேற்றி அழைத்துப் போகிறார்கள்.

பக்திக் கதையாகச் சொல்லப்படுவது இது. அந்தப் பெண்ணின் பக்கம் நின்று படித்தால் வேறு மாதிரி இருக்கும். அங்க அடையாளம் எல்லாம் சரி. அதே கை, அதே கால், அதே மச்சம். மாடுகளுக்கு அது போதுமாக இருந்தது. அவளுக்கோ அந்த உடம்பு நடந்து வந்தும் புருஷன் வரவில்லை. அவளோடு வாழ்ந்த வாழ்க்கை அந்த உடம்புக்குள் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதே முடிச்சை இளவரசன், செருப்புத் தைப்பவன் என்று இருவரை வைத்துப் போட்டார். இளவரசனின் நினைவுகளோடு அவன் உயிர் செருப்புத் தைப்பவனின் உடம்புக்குள் போய்விட்டால் அந்த ஆள் யார்? இளவரசன்தான் என்றார் லாக். நினைவும் உணர்வும் எங்கே தொடர்கிறதோ அங்கேதான் ஆள். லாக்கோடு சண்டை போட்டவர்கள் நிறைய. நினைவு மறந்துபோனால் ஆளே போய்விடுவாரா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சண்டையில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் குளோனிங் கட்சி தோற்றுவிடும் என்பதுதான் வேடிக்கை. நினைவுதான் ஆள் என்றால், நகல் பிள்ளை என் நினைவு ஒன்றுகூட இல்லாமல் பிறக்கிறான். உடம்புதான் ஆள் என்றால், அவன் உடம்பு என் உடம்பு அல்ல, இன்னொன்று. ஆன்மா என்பீர்களானால், தோல் துணுக்கோடு ஆன்மாவும் பெயர்ந்து வரும் என்று எந்த மதமும் இதுவரை சொல்லவில்லை.

வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். தார் வெட்டியதும் தாய் மரத்தைச் சாய்த்துவிடுகிறோம். பக்கக்கன்று அதன் இடத்தில் எழும்புகிறது. பூவும் விதையுமாக வராத, அசல் நகல் அது. வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோமே தவிர, வெட்டிய மரம் இன்னும் நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதிலும் வாழைக்காவது மண்ணுக்கடியில் ஒரே கிழங்கு ஓடுகிறது. மனிதனுக்கு அந்தத் தொடர்புகூட இல்லை. நான் உயிரோடு இருக்கும்போதே என் நகல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், எனக்குப் பல் வலித்தால் அவனுக்கு வலிக்காது. உயிரோடு இருக்கும்போது அவன் நான் இல்லை என்றால், நான் செத்த மறுநிமிடம் மட்டும் எப்படி நானாகிவிடுவான்?

இந்த ஓட்டையை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் ரேலியன்கள். குளோத் வோரிலோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1973-ல் வேற்றுக்கிரகவாசிகளைச் சந்தித்ததாகச் சொல்லி, ரேல் என்று பெயர் மாற்றிக்கொண்டு ஆரம்பித்த மதம். மனித இனமே வேற்றுக்கிரகவாசிகளின் ஆய்வுக்கூடத் தயாரிப்பு, சாகாமல் இருக்க வழி குளோனிங் என்பது அவர்கள் நம்பிக்கை. நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதை நேரடியாக வளர்ந்த ஆளாக உருவாக்கி நினைவுகளை உள்ளே ஏற்ற வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். அந்த வகையில் வெறும் மரபணுவை நம்பிக் கிடக்கும் பணக்காரர்களைவிட இவர்கள் தெளிவு. 2002 டிசம்பர் 27 அன்று, அவர்களுடைய குளோனெய்ட் நிறுவனத்தின் தலைவி பிரிஜிட் புவாசெலியே, ஈவ் என்ற நகல் பெண் குழந்தை பிறந்துவிட்டதாக அமெரிக்காவில் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார். டிஎன்ஏ சோதனைக்குக் குழந்தையைக் காட்டுங்கள் என்று உலகமே கேட்டது. காட்டவில்லை. இன்றுவரை ஆதாரம் கிடையாது. ஒரு வாரத்துக்கு உலகத்தை டிவி முன்னால் உட்கார வைத்ததோடு சரி.

ஏமாற்று வேலை பெரிய ஆய்வுக்கூடங்களிலும் நடந்தது. தென்கொரியாவின் ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவை நகலெடுத்து, உடம்பின் எந்தப் பகுதியாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லை உருவாக்கிவிட்டதாக 2004-லும் 2005-லும் அறிவித்தார். நாடே தலையில் தூக்கிவைத்து ஆடியது. சோல் தேசியப் பல்கலைக்கழகம் விசாரித்தபோது தரவுகள் புனைவு என்று தெரிந்தது. இதில் மனதை உறுத்துவது பொய்யைவிட வேறொன்று. அந்த ஆராய்ச்சிக்காகப் பெண்களிடமிருந்து 2,000-க்கு மேல் கருமுட்டைகள் எடுக்கப்பட்டிருந்தன. கொடுத்தவர்களில் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்த இளம் பெண்களும் உண்டு. கர்னாலில் நம் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் எருமைக் கன்றுகளை நகலெடுத்தபோது, கசாப்புக்கூடத்தில் வெட்டிய எருமைகளின் சினைப்பையிலிருந்து முட்டை எடுத்தார்கள். மனித முட்டை அப்படிக் கிடைக்காது. நாள்கணக்கில் ஹார்மோன் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து, ஊசியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒருவருடைய சாகாவரத்துக்கு இப்படி எத்தனை பேர் படுத்துக் கிடக்க வேண்டும்?

எத்தனை பேர் என்பதற்கு விலங்குகளிடமிருந்தே கணக்கு இருக்கிறது. டாலிக்காக 277 முட்டைகளோடு செல்லை இணைத்தார்கள். அதில் 29 மட்டும் கருவாகத் தேறின. பதின்மூன்று ஆடுகளின் வயிற்றில் வைத்து ஒன்று பிறந்தது. 2005-ல் கொரியாவில் ஸ்னப்பி என்ற நாய்க்குட்டிக்காக (இது அதே ஹ்வாங் குழுவின் வேலை, ஆனால் உண்மையானது) 1,095 கருக்களை 123 பெண் நாய்களுக்கு வைத்தார்கள். இரண்டு குட்டிகள் பிறந்து, ஒன்று சில வாரங்களில் நிமோனியாவில் போய்விட்டது. கர்னாலின் முதல் நகல் எருமைக்கன்று சம்ரூபா 2009 பிப்ரவரியில் பிறந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை. அடுத்து வந்தவை தேறின. கரிமா-2 என்பது வளர்ந்து கன்றும் ஈன்றது. மனிதனுக்கு நெருங்கிய குரங்கில் வெற்றி கிடைத்ததாக 2018-ல்தான் ஷாங்காயிலிருந்து செய்தி வந்தது. ஜோங் ஜோங், ஹுவா ஹுவா என்ற அந்த இரண்டு குட்டிகளும் கருவிலிருந்து எடுத்த செல்லின் நகல்கள். அதே ஆய்வில் வளர்ந்த குரங்கின் செல்லிலிருந்து உருவாக்கிய குட்டிகள் பிறந்த கையோடு செத்துவிட்டன. சாகாவரம் தேடுகிறவரோ வளர்ந்த ஆள். அவர் கொடுக்க முடிந்ததும் வளர்ந்த செல்தான்.

பிழைத்த விலங்குகள் சீக்கிரமே கிழடு தட்டிவிடும் என்று ஒரு பயம் இருந்தது. டாலியின் அதே செல் வரிசையிலிருந்து நாட்டிங்காமில் வளர்ந்த நாலு ஆடுகளைச் சோதித்து, அவை சாதாரணமாகவே முதுமை அடைகின்றன என்று 2016-ல் சொன்னார்கள். ஆக அந்தப் பயம் கொஞ்சம் மிகைதான். தொழில்நுட்பம் இப்படியே தேறிக்கொண்டு போகும். ஆபத்து என்ற ஒரே காரணத்தை வைத்துத் தடுத்துக்கொண்டிருந்தால், ஆபத்து நீங்கிய அன்று நம் கையில் வாதமே இருக்காது. அதனால் எல்லாம் பத்திரமாக நடக்கிறது என்றே வைத்துக்கொண்டு பேச வேண்டும். அப்போதும் எனக்கு இது உறுத்துகிறது. அந்தப் பையனுக்காக.

எனக்கு என் அப்பாவழித் தாத்தாவின் பெயர். எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் வழக்கம். விளைவு, பெற்ற அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டில் எனக்கு ராசு. பள்ளிச் சான்றிதழில் தாத்தா, அடுப்படியில் ராசு. மரியாதைக்காக வந்த வழக்கம்தான், ஆனால் அது ஒரு நல்ல காரியம் செய்தது. தாத்தாவின் பெயரை என் தலையில் வைத்த கையோடு, தாத்தாவாக இருக்க வேண்டிய வேலையிலிருந்தும் எனக்கு விடுதலை கொடுத்துவிட்டது. கோபம் வந்தால் அப்படியே தாத்தாவை உரித்து வைத்திருக்கிறான் என்பார்கள். கணக்கில் கோட்டை விட்டால் அம்மா பக்கத்துப் புத்தி என்பார்கள். எனக்கு இரண்டு பக்கம் இருந்தது. ஒரு பக்கம் நெருக்கினால் மறு பக்கம் தாவிக்கொள்ளலாம்.

நகல் பிள்ளைக்கு மறு பக்கம் கிடையாது. எதைச் செய்தாலும் அது மூலவரிடமிருந்து வந்தது, அல்லது மூலவரிடமிருந்து விலகியது. ஐம்பது வயதில் இருதயம் எப்படி இருக்கும், தலை எப்போது வழுக்கும், குடித்தால் எப்படி ஆவான் என்று எல்லாமே கண்ணெதிரில் ஒரு ஆளாக உட்கார்ந்திருக்கும். ஹான்ஸ் ஜோனாஸ் என்ற தத்துவ அறிஞர் 1970-களிலேயே இதைச் சொன்னார்: தன்னைப் பற்றித் தெரியாமல் இருக்கும் உரிமை என்று ஒன்று மனிதனுக்கு உண்டு, நகலிடமிருந்து பறிக்கப்படுவது அதுதான். மரபணு ஒன்றும் ஜாதகம் அல்ல, அவன் வேறு ஆளாகத்தான் வளர்வான் என்று மேலே நானே சொன்னேன். உண்மை. ஆனால் அவனைச் சுற்றியிருப்பவர்கள் அப்படி நம்பினால்தானே? சாகாவரத்துக்காக அவனை உண்டாக்கியவர், அவன் தானேதான் என்று நம்பித்தான் உண்டாக்கினார். பையன் தபலா கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றால், அவருக்கு அது முதலுக்கே மோசம்.

எல்லாப் பெற்றோரும் இதைத்தானே செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். நான் படிக்க முடியாத டாக்டருக்கு நீ படி என்று கோச்சிங் கிளாஸ் வாசலில் இறக்கிவிடும் அப்பாக்கள் ஊருக்கு நூறு பேர். சரிதான். அதை நல்ல காரியம் என்று நான் சொன்னேனா? ஆனாலும் அந்த அப்பாவுக்குள் எங்கேயோ, இவன் வேறு ஆள் என்ற நினைப்பு ஒரு மூலையில் இருக்கிறது. சண்டை போட்டு, மூன்று மாதம் பேசாமல் இருந்து, கடைசியில் விட்டுக்கொடுத்துவிடுவார். விட்டுக்கொடுக்க அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். சாகாவரக்காரர் விட்டுக்கொடுத்தால் அவருடைய சாகாவரமே போச்சு.

முறை விஷயத்துக்கு வந்தால் இன்னும் குழப்பம். ஐம்பது வயதில் ஒருவர் தன்னை நகலெடுத்தால், மரபணுக் கணக்கில் அந்தப் பிள்ளை அவருக்குத் தம்பி, தாமதமாக வந்த இரட்டை. அவனைப் பெற்றவர்கள் என்று பார்த்தால் அவருடைய அப்பா அம்மாதான். அந்தக் கிழவியிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வளர்க்கிற வகையில் மகன். அவர் மனைவி அவனுக்கு அம்மாவா, அண்ணியா? அவர் மகளுக்கு அவன் தம்பியா, சித்தப்பாவா? நம் வீடுகளில் முறை என்பது வெறுமனே கூப்பிடுவதற்கு இல்லை. யாரைக் கட்டலாம், யாருக்கு யார் சீர் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் நிற்கிறது. அக்கா மகள் விஷயத்தில் மட்டும் தப்பித்தோம்: தம்பி என்றாலும் முறைப்பெண், மகன் என்றாலும் அத்தை மகள். கொள்ளி வைப்பதிலும் சிக்கல் வராது. மகனும் வைக்கலாம், தம்பியும் வைக்கலாம். சாகாவரம் வாங்கியவருக்கு அவருடைய நகலே குடத்தை உடைத்து, கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவான்.

தத்துவக்காரர்கள் இங்கே ஒரு சாமர்த்தியமான வாதம் வைப்பார்கள். நகலெடுக்காவிட்டால் அந்தப் பிள்ளையே இல்லை. இருப்பதே அவனுக்கு லாபம் எனும்போது அவன் எதைப் பற்றிக் குறை சொல்ல முடியும்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெத்து வளர்த்ததே பெரிசு, இதுக்கு மேல என்ன கேக்குற என்று வீட்டில் காலங்காலமாகக் கேட்கிற வாதம்தான் இது, கோட் சூட் போட்டு வந்திருக்கிறது. பிறந்தது லாபம் என்பதால், எதற்காகப் பிறக்க வைத்தீர்கள் என்று கேட்கும் உரிமை ஒருவனுக்கு இல்லாமல் போவதில்லை.

நகலெடுப்பதை உற்சாகமாக வரவேற்றவர்களில் நமக்குத் தெரிந்த ஒருவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பெரிய மரபியல் மேதை. இங்கிலாந்தை உதறிவிட்டு 1957-ல் இந்தியாவுக்கு வந்து, பிறகு குடியுரிமையும் வாங்கிக்கொண்டவர். 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்குக்கு அவர் எழுதிய கட்டுரையில், சாதித்துக் காட்டிய மனிதர்களை நகலெடுக்கலாம், பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டியவர்களைத்தான் எடுக்க வேண்டும், அந்த மேதைகள் ஐம்பத்தைந்துக்கு மேல் தங்கள் நகல்களுக்குப் பாடம் சொல்லித்தரலாம் என்றார். ரிட்டயர் ஆன மேதை ஒருவர் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து தன் நகலுக்கே டியூஷன் எடுப்பதை நினைத்தால் அந்தப் பையன்மேல் பரிதாபமாக இருக்கிறது. ஆனால் ஹால்டேன் கேட்டது சமூகத்துக்கு மேதைகள் வேண்டும் என்றுதான். தனக்குச் சாவு வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. புற்றுநோய் வந்தபோது அதைக் கேலி செய்து கவிதை எழுதினார். 1964 டிசம்பரில் புவனேஸ்வரில் இறந்தார். உடம்பை மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காகக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார்.

சட்டம் இப்போதைக்கு வேண்டாம் பக்கம்தான் நிற்கிறது. பிரிட்டன் 2001-ல் சட்டம் போட்டுத் தடுத்தது. ஐ.நா. பொதுச்சபை 2005-ல் எல்லா வகை மனிதக் குளோனிங்கையும் தடை செய்யச் சொல்லி ஒரு பிரகடனம் நிறைவேற்றியது. யாரையும் கட்டுப்படுத்தாத பிரகடனம். நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள் நகல் மனிதனைப் பிறக்க வைப்பதைத் தடை செய்கின்றன. சிகிச்சைக்காக ஸ்டெம் செல் எடுக்கும் ஆராய்ச்சி வேறு. 2013-ல் ஓரிகனில் மனித முட்டையில் அதைச் செய்தும் காட்டினார்கள், அதில் குழந்தை யாரும் பிறப்பதில்லை. நாய் பூனைக்கு எல்லா இடத்திலும் தடை கிடையாது என்று சொல்ல முடியாது, ஆனால் அமெரிக்காவில் கிடையாது. 50,000 டாலர் கட்டினால் அமெரிக்காவில் உங்கள் செல்ல நாயை நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் அப்படி இரண்டு குட்டிகளை வாங்கினார். நாயின் தோற்றத்தை நகலெடுக்கலாம், ஆன்மாவை நகலெடுக்க முடியாது என்று 2018-ல் அவரே சொன்னார்.

சாகாவரக்காரருக்கு இல்லை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. நாக்கு ஒட்டிக்கொள்வது வேறொருவர் முன்னால். விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா, அவனுடைய ஒரு செல்லை வைத்துக்கொண்டு வந்து கேட்டால்? அவள் சாவுக்குப் பயந்து வரவில்லை. மூலன் மனைவி கதையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆடு, மாடு, பூனைக் கணக்கெல்லாம் அவள் காதில் ஏறவும் ஏறாது. ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறாய் அம்மா?